கிராவல் சைக்கிளுக்கு எந்தப் பக்கம்: கேப்பர் மலையா, பெண்ணைக் கரையா, கல்வராயனா?

கடலூர்ப் பக்கம் 'கிராவல்' என்று சொன்னால் "எத்தனை லோடு வேணும்?" என்றுதான் கேட்பார்கள். வீடு கட்டும்போது பள்ளத்தை நிரப்பக் கொட்டுகிற செம்மண் சரளைக்கு இங்கே அதுதான் பெயர். அதே பெயரில் ஒரு சைக்கிள் இருக்கிறது, ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பாரும் இரண்டு விரல் அகல டயருமாக மண்ரோட்டில் ஓட்டவே செய்த சைக்கிள் அது என்று எங்கள் தெருவில் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வாய் வலித்துவிட்டது.

அக்கா பையன் பெங்களூரில் இருந்து அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பொங்கலுக்கு வருகிறான். "மாமா, பண்டிகை முடிஞ்சு சனி, ஞாயிறு ரெண்டு நாள் ஃப்ரீ. ஹாரன் சத்தமே கேக்கக் கூடாது. மலை இருக்கணும், காடு இருக்கணும், பக்கத்துலயே ஆறு ஓடணும்" என்று போனில் பட்டியல் போட்டான். எங்கே பார்த்துவிட்டுப் பேசுகிறான் என்று தெரியும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் இருந்து கம்பர்லாந்து வரை கிரேட் அலிகெனி பாசேஜ் என்று ஒரு பாதை போகிறது. சுமார் 240 கிலோமீட்டர். ரயில் நின்றுபோன தடத்தில் சுண்ணாம்புக்கல் பொடியைப் பரப்பி, மோட்டார் வண்டி நுழையாமல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிட்டார்கள். 2013இல் முழுப் பாதையும் இணைந்தது. ஆற்றை ஒட்டியே மலைக்காட்டுக்குள் போகும். மலைநாடுதான், ஆனால் ரயில் ஏறுவதற்காகப் போட்ட சாய்வு என்பதால் முட்டி கழலாது. நம் ஊரில் மீட்டர்கேஜ் தண்டவாளத்தைப் பிடுங்கிய இடத்தில் அகலப்பாதை போட்டு அதில் ரயிலும் விட்டாயிற்று. சும்மா கிடக்கிற தடம் எதுவும் இல்லை.

அதனால் 'வண்டியே வராத ரோடு' என்று ஒன்றைக் கடலூரைச் சுற்றித் தேடுவது வீண். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, எந்த ரோடு எத்தனை மணி வரைக்கும் காலியாக இருக்கும் என்பது. அந்தக் கணக்கை வைத்துத்தான் கேப்பர் மலை, ஆரோவில், பெண்ணைக் கரை, செஞ்சிப் பக்கம், கல்வராயன் என்று ஐந்து பக்கத்தையும் எடைபோட்டேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது கேப்பர் மலை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து கெடிலம் ஆற்றை ஒட்டி மேற்கே மிதித்தால் ஆறு கிலோமீட்டருக்குள் திருவந்திபுரம். அங்கே பெருமாள் கோயிலுக்கு எதிரே ஹயக்ரீவர் இருக்கிற ஔஷதகிரியும் இந்த மேட்டின் ஒரு நுனிதான். பேருக்குத்தான் மலை, கல்வராயனைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தரையோடு தரையாகக் கிடக்கிற கடலூரில் இருந்து வருகிறவனுக்கு அந்த ஏற்றமே மூச்சு வாங்க வைக்கும். மேலே ஏறியதும் மண்ணின் நிறம் மாறிவிடும். புவியியல்காரர்கள் 'கடலூர் மணற்கல்' என்று பெயர் வைத்திருக்கும் சிவந்த பாறை இது. இதே பாறைதான் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு சேர்ந்து கிடக்கிறது, ஆரோவில்லில் பள்ளத்தாக்காக வெட்டுப்பட்டு நிற்கிறது. மழை ஓடி ஓடி வெட்டிய ஓடைகள், ஓடைக்குள் இறங்கி ஏறும் வண்டித்தடம், இரண்டு பக்கமும் முந்திரி. அரிசிபெரியாங்குப்பம், எம்.புதூர், வெள்ளக்கரை என்று ஊருக்கு ஊர் தோப்பு வழியாகவே போகலாம். இதைக் காடு என்று சொன்னால் வனத்துறைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனால் 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயலில் முந்திரியும் பலாவும் படுத்துக் கிடந்ததைப் பார்த்த கண்ணுக்கு, இப்போது கிளையும் கிளையும் கோத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் காடு என்றுதான் சொல்லத் தோன்றும்.

குறை என்னவென்றால், சுற்றளவு சின்னது. தடங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எப்படிச் சுற்றினாலும் 25, 30 கிலோமீட்டரில் பார்த்த இடத்துக்கே வந்து சேர்வீர்கள். ஏழரை மணிக்கு மேல் பள்ளி வேன்களும் வாழைத்தார் ஏற்றிய டெம்போக்களும் வந்துவிடும். முந்திரி எடுக்கிற காலத்தில், அதாவது மார்ச்சில் இருந்து மே வரை, தோப்புக்குள் தெரியாத முகம் சைக்கிளில் சுற்றினால் காவல்காரர் நிறுத்தி விசாரிப்பார். அதில் தப்பே இல்லை. கொட்டை கிலோ என்ன விலை என்று அவருக்குத் தெரியும். நின்று, எந்த ஊர், யார் வீடு என்று சொல்லிவிட்டால் பழத்தையும் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்.

அடுத்து ஆரோவில். இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. கிராவல் சைக்கிள் என்றதும் எல்லோரும் கைகாட்டுகிற இடம் அதுதான், காரணமும் நியாயமானதுதான். 1968இல் நகரத்தைத் தொடங்கியபோது செம்மண் பொட்டலாகக் கிடந்த மேடு, மழைத்தண்ணீரைத் தடுக்க வரப்பு போட்டு, மரம் நட்டு, இன்று நிழல் விழுகிற காடாகிவிட்டது. சைக்கிளுக்கென்றே பாதைகள் இருக்கின்றன. ரிப்பேர் என்றால் விவரம் தெரிந்த கடை கிடைக்கும், சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. முதல்முதலாக மண்ணில் ஓட்டப் பழகுகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் பொங்கல் விடுமுறையில் எட்டு மணிக்கு மேல் அங்கே போவது என்றால், வாடகை ஸ்கூட்டரில் வந்தவர்கள் கிளப்புகிற புழுதியைத் தின்னத் தயாராகப் போக வேண்டும். காட்டுத்தடங்களில் பல அங்கே வசிப்பவர்களின் பராமரிப்பில் இருப்பவை. கதவு சாத்தியிருந்தால் திரும்பிவிடுவதுதான் மரியாதை. கடலூரில் இருந்து போகிறவர்களுக்குப் புதுச்சேரி நகரத்தைக் கடக்கிற தண்டனை தனி. ஆறும் கிடையாது. அக்கா பையன் பட்டியலில் ஒன்றரை மார்க்.

தென்பெண்ணைக் கரைக்கு வருவோம். எனக்கு வாராவாரம் போகிற இடம் என்பதால் பாரபட்சம் இருக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் எல்லாம் தாண்டி, கடலூருக்கு வடக்கே தாழங்குடா பக்கம் கடலில் சேர்கிறது பெண்ணை. கடைசி முப்பது கிலோமீட்டரில் அது மலையை எல்லாம் மறந்துவிட்ட ஆறு. மணலாகப் படுத்துக் கிடக்கும். அதன் வடகரையில் சோரியாங்குப்பம், குருவிநத்தம், மணமேடு என்று பாகூர்ப் பக்கத்துப் புதுச்சேரிக் கிராமங்கள். கரைமேல் ஒரு டிராக்டர் போகிற அகலத்தில் மண்பாதை ஓடுகிறது, சில இடத்தில் ஜல்லி பெயர்ந்த பழைய கப்பி ரோடாக, சில இடத்தில் புல் முளைத்த இரட்டைத் தடமாக. தமிழ்நாடும் புதுச்சேரியும் இங்கே ஜிக்ஜாக்காகக் கிடப்பதால் ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு முறை எல்லை தாண்டிவிடுவீர்கள். எல்லையைக் கண்டுபிடிக்க மைல்கல் வேண்டாம். சாராயக்கடை வந்தால் புதுச்சேரி. காலையில் அவை தூங்கிக்கொண்டிருக்கும், அதனால் காலையில் போங்கள். மாலையில் அந்தக் கரையில் எதிரே வருகிற டூவீலர் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.

மேற்கே போகப்போகச் சொர்ணாவூர் அணைக்கட்டு. அங்கிருந்து பிரிகிற பங்காரு வாய்க்கால்தான் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. நான் வழக்கமாகச் செய்வது, ஆற்றங்கரையில் மேற்கே ஏறி, வாய்க்கால் கரையில் திரும்பி, ஏரிக்கரையில் முடிப்பது. தை மாதத்தில் காலை ஆறு மணிக்கு ஏரியில் பனி படிந்து மறுகரை தெரியாது. சம்பா அறுவடைக்கு நிற்கிற வயல், வெட்டி அடுக்கிய கரும்பு, தலையில் கட்டோடு எதிரே வருகிற பெண்கள், அவ்வளவுதான் போக்குவரத்து. ஒன்பது மணி வரைக்கும்கூட ஹாரன் கேட்காது. இந்த ஐந்தில் நேரக்கணக்கில் நெடுநேரம் காலியாக இருப்பதில் இதற்கு இரண்டாவது இடம்.

மலை? துளிகூட இல்லை. கரைமேல் ஏறுகிற பத்தடிதான் ஏற்றம். காடு? பனையும் நாணலும். அப்புறம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழைக்குச் சாத்தனூர் அணையில் இருந்து இரவோடு இரவாகத் திறந்துவிட்ட வெள்ளம் இந்தக் கரையைப் பல இடத்தில் கடித்துத் தின்றுவிட்டுப் போனது. அடைத்த இடங்களில் புது மண் இன்னும் பஞ்சு மாதிரி இருக்கிறது. முன்சக்கரம் புதைந்தால் ஆள் தலைகுப்புறத்தான். தெரியாதவர்கள் விடிவதற்கு முன்னால் அங்கே வேகம் காட்ட வேண்டாம்.

ஆனால் பெண்ணைக் கரையின் உண்மையான எதிரி வெள்ளம் இல்லை, வேலிகாத்தான். சீமைக்கருவேலம் என்று படித்தவர்கள் சொல்வது. விறகுக்கு வெட்டி இழுத்துக்கொண்டு போன தடத்தில் முள் சிதறிக் கிடக்கும், காய்ந்தபின் மண் நிறத்திலேயே இருக்கும். போன வருடம் மணமேட்டுக்கு அந்தப் பக்கம் முன்சக்கரம் இறங்கிவிட்டது. டியூபை மாற்றினேன், இருநூறு அடி போனேன், மறுபடி இறங்கியது. முள்ளின் தலையைப் பிடுங்கிப் போட்டிருந்தேன், நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நின்றிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தால் அகப்படவில்லை. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான், "பஞ்சு இருந்தா வச்சு இழு தம்பி" என்றார். பஞ்சு இல்லை, துண்டின் நூலைப் பிரித்துச் சுருட்டி டயரின் உள்பக்கம் வைத்து மெதுவாகச் சுற்றி இழுத்தேன். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. எள்ளளவு நுனி. நகவெட்டியால் பிடுங்கி எடுத்தேன். அதற்குப் பிறகு என் பையில் எப்போதும் கொஞ்சம் பஞ்சும் முள் பிடுங்க ஒரு சிமிட்டாவும் இருக்கும்.

ரோட்டுக்கு வந்து பஞ்சர் கடையில் காற்றடிக்கலாம் என்றால் அடுத்த சிக்கல். இந்த மாதிரி சைக்கிளில் பிரெஸ்டா என்கிற மெல்லிய வால்வு வரும், நம் கடை கம்பிரசரின் வாய் அதில் உட்காராது. ஒரு குட்டிப் பித்தளை அடாப்டரை வால்வில் திருகிக்கொண்டால் எந்தக் கடையிலும் அடிக்கலாம். இதெல்லாம் வேண்டாம் என்றால் டியூப்லெஸ்ஸாக மாற்றி உள்ளே சீலண்ட் ஊற்றிவிடுங்கள். முள் குத்தினால் பால் மாதிரி கசிந்து தானே அடைத்துக்கொள்ளும். காற்றும் குறைவாக வைக்கலாம். எழுபது கிலோ ஆளுக்கு 40 மில்லிமீட்டர் டயரில் 35 பிஎஸ்ஐ சுற்றி வைத்தால் கப்பி ரோட்டில் பல் ஆடாது. டியூபோடு அவ்வளவு குறைத்தால் கல்லில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

திருவக்கரை, வீடூர், செஞ்சி என்று சங்கராபரணி வழியாக மேலே போவது நான்காவது யோசனை. படத்தில் பார்க்க இதுதான் பிரமாதம். செஞ்சி மலைகளில் இருந்து இறங்குகிற ஆறு, நடுவில் 1959இல் கட்டிய வீடூர் அணை, கீழே திருவக்கரையில் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கிற பூங்கா. அந்தக் கல்மரங்கள் புதைந்திருப்பதும் கேப்பர் மலையின் அதே கடலூர் மணற்கல்லில்தான். செஞ்சியை நெருங்கினால் யானை படுத்த மாதிரி பாறைகள், அவற்றுக்குப் பின்னால் பாக்கம் மலைக் காடு. அங்கே போய் ஒருமுறை உட்கார்ந்தவன் எழுந்துவர மாட்டான். ஆனால் திருவக்கரையைச் சுற்றிலும் கல் குவாரிகள். சூரியன் எழும்புவதற்கு முன்பே டிப்பர் லாரிகள் எழும்பிவிடும், அவை போகிற மண்ரோட்டில் சைக்கிள்காரன் ஒரு தூசு. பௌர்ணமி என்றால் வக்கிரகாளியம்மன் கோயில் கூட்டம் வேறு. பாக்கம் மலை காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாலும் குற்றம்தான். நேரக்கணக்குப்படி பார்த்தால் இந்தப் பக்கத்துக்கு ஞாயிறு காலை மட்டும்தான் தேறும். குடும்பத்தோடு காரில் போய்க் கோட்டை ஏறிவிட்டு வருகிறவர்களுக்கு இது போதும், எங்களுக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டேன்.

கடைசியில் கல்வராயன். மலை, காடு, ஆறு மூன்றும் ஒரே சட்டியில் கிடைக்கிற இடம் இந்த வட்டாரத்தில் இது ஒன்றுதான். கடலூரில் இருந்து கள்ளக்குறிச்சிக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல், அதற்கப்புறம் கச்சிராயபாளையம், கோமுகி அணை, அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஏற்றம். சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி என்று சொல்வார்கள். கோமுகியும் மணிமுத்தாறும் இங்கே பிறந்து வெள்ளாற்றில் சேர்ந்து, கடைசியில் நம் பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்க்கின்றன. அதனால் தூரத்து ஊராக இருந்தாலும் சொந்தம் கொண்டாட நமக்கு உரிமை உண்டு.

மேலே ஏறுகிற மெயின் ரோடு தார்தான். மண் வேண்டும் என்றால் மேலே போனபின் குக்கிராமங்களுக்குப் பிரிகிற கிளைச் சாலைகளில் நுழைய வேண்டும். சாமையும் மரவள்ளியும் போட்ட சரிவுகளுக்கு நடுவே, ஓடையைக் கடந்து கடந்து போகும். பஸ் எப்போதாவது வரும், ஜீப் வரும், இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் இருவர் மூவராக ஒரே டூவீலரில் வருவார்கள். அவ்வளவுதான். பகல் முழுக்கவே காலி என்று சொல்லலாம், விடுமுறை நாளில் மேகம், பெரியார் அருவிகளுக்குப் போகிற வழியைத் தவிர. நேரக்கணக்கில் முதல் இடம் இதற்குத்தான்.

விலை என்னவென்றால், முதலில் கார். சைக்கிளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல்நாள் இரவே கள்ளக்குறிச்சியில் படுத்துவிட வேண்டும். கடலூரில் இருந்து விடிகாலை கிளம்பிப் போனால் ஏற்றம் தொடங்குவதற்குள் வெயில் முதுகில் ஏறிவிடும். அடுத்தது கியர். பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரம் முன்னால் இருப்பதைவிடக் கொஞ்சமாவது பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொண்டை ஊசிகளில் தள்ளிக்கொண்டுதான் போவீர்கள். இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். டிஸ்க் சூடேறினால் பிடிப்பு போய்விடும். தார் ரோட்டையும் ஊர்ப் பாதைகளையும் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் போகிற தடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது. கள்ளச்சாராயச் சோதனைக்காக நிறுத்தி ஹேண்டில்பார் பையைத் திறக்கச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் காட்டிவிடுங்கள். சீலண்ட் பாட்டில் என்றால் என்ன என்று விளக்க வேண்டி வரும்.

இதற்கெல்லாம் புதிதாக கிராவல் சைக்கிள் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். பெண்ணைக் கரைக்கும் கல்வராயனின் தார் ஏற்றத்துக்கும் அது பொருத்தம், தூரம் ஓடும். கேப்பர் மலை ஓடைகளுக்கு முன்ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் இருக்கிற சாதாரண எம்டிபியே, அதாவது மவுண்டன் பைக்கே, மேல். என்னுடையது எட்டு வருடப் பழைய எம்டிபி, டயரை மட்டும் மெல்லியதாக மாற்றியிருக்கிறேன். மூன்று இடத்திலும் அதுதான் ஓடுகிறது, கல்வராயனில் மட்டும் கொஞ்சம் முனகும்.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்? என் மனசுக்குப் பெண்ணைக் கரைதான். ஒரே ஒரு காலைதான் இருக்கிறது என்றால், யாராக இருந்தாலும் மலையை மறந்துவிட்டு அங்கேதான் கூட்டிப்போவேன். ஆனால் இந்த முறை தை ஐந்து திங்கட்கிழமை வருகிறது. ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குப் பெண்ணைக்கு இறங்கும், முந்தின நாளே கரையில் ராட்டினமும் கடையும் முளைத்துவிடும். சுருளிக்கிழங்கு வாங்கப் போகிற நாள் அது, சைக்கிள் ஓட்டுகிற நாள் இல்லை. அதனால் சனிக்கிழமை விடிகாலை கேப்பர் மலை, ஏழரைக்கு வீடு, இட்லி. சாயங்காலம் காரில் கள்ளக்குறிச்சி. ஞாயிறு ஐந்தரைக்குக் கோமுகி அணையில் சைக்கிளை இறக்குகிறோம்.

"அப்போ ஆத்தங்கரை கிடையாதா மாமா?" என்றான். திங்கட்கிழமை லீவு போட்டால் கிழங்கு உண்டு என்றேன். டியூப்லெஸ் போட்டிருக்கிறாயா என்று கேட்டதற்கு, "பெங்களூர்ல முள்ளே கிடையாதே" என்கிறான். மூன்று டியூப் கூடுதலாக எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். பஞ்சு என்னிடம் இருக்கிறது.